பாடத்தின் முதல் ஆறு நிமிடம்: செட்டிநாட்டுப் பள்ளிகளில் புதிதாக வகுப்பெடுப்பவர்களுக்கு

பி.எட். பாடக்குறிப்பு நோட்டில் ‘ஆர்வமூட்டல்’ என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலான நோட்டுகளில் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது இதுதான்: “ஆசிரியர் மாணவர்களிடம், ‘நீங்கள் என்னென்ன பழங்கள் சாப்பிடுவீர்கள்?’ என்று கேட்டுப் பாடத்தை அறிமுகம் செய்வார்.” வகுப்பில் போய் இப்படிக் கேட்டால் நாற்பது பிள்ளைகளும் மாம்பழம், கொய்யாப்பழம் என்று கத்துவார்கள். பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவருக்கு வகுப்பு கலகலப்பாகத் தெரியும். மூன்றாவது நிமிடத்தில் பாடப்புத்தகத்தைத் திறந்ததும் எல்லா முகமும் பழையபடி ஆகிவிடும். சத்தம் வந்தது, ஆர்வம் வரவில்லை. அந்தக் கேள்வியில் பிள்ளைக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லாதபோது ஆர்வம் எங்கிருந்து வரும்?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. “இன்றைக்கு நாம் பார்க்கப்போவது வெப்பச்சலனம்” என்று தொடங்குவது. அதில் பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றுமே இல்லை. ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர் 1994-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத் தெளிவாக வைத்தார்: தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது ஒருவர் கண்ணில் படும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது. முழுக்கத் தெரிந்தாலும் இடைவெளி இல்லை; அறவே தெரியாவிட்டாலும் இடைவெளி கண்ணில் படுவதில்லை.

அந்த இடைவெளியைப் பிள்ளையின் கண்ணில் காட்ட வகுப்பறையில் இருக்கிற மலிவான வழி, ஊகம். விடை தெரியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஊகத்தை எழுதி வைத்துவிட வேண்டும். எழுதிவிட்டால் அது அவன் கட்சி. தான் சொன்னது சரியா தப்பா என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. கீழே வருகிற எல்லாமே இந்த ஒரு வேலையைப் பிசகாமல் செய்வதற்கான விவரங்கள்தான்.

முந்தின நாள் இரவு: கேள்வி பிடிப்பது

முதலில் பாடத்தைப் படியுங்கள். நடத்துவதற்காகப் படிக்கிறபோது எது முக்கியம் என்று தேடுவோம். இப்போது தேட வேண்டியது, பிள்ளைகள் எதை ஏற்கெனவே தெரியும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள், அதில் எது தவறு என்பதை. கணக்கில், அறிவியலில் இது எளிதாக அகப்படும். வரலாற்றில், தமிழில் சற்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அகப்பட்டதை ஒரு விடை வாக்கியமாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, “சிமெண்ட் காய்வதால் கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிவதால் கெட்டியாகிறது.” பிறகு அந்த வாக்கியத்தைத் திருப்பிக் கேள்வியாக்குங்கள். கேள்வி கிடைத்ததும் மூன்று சோதனை வையுங்கள்.

பாடம் படிக்காத பிள்ளையும் ஓர் ஊகம் சொல்ல முடியுமா? “ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?” என்பதற்கு ஊகம் சொல்ல முடியாது. ஒன்று தெரியும், இல்லாவிட்டால் தெரியாது.

வகுப்பு இரண்டாகவோ மூன்றாகவோ பிரியுமா? எல்லோரும் ஒரே விடை சொல்லும் கேள்வி இறந்த கேள்வி. இதைச் சோதிக்க வீட்டிலோ தெருவிலோ இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே வேறு வேறு விடை சொன்னால் கேள்வி நல்லது.

விடை இன்றைய பாடத்துக்குள்ளேயே இருக்கிறதா? இதுதான் அடிக்கடி தவறுகிற இடம். மேஜிக் காட்டினால் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள், உண்மை. ஆனால் அந்த மேஜிக்கின் விடை பாடத்துக்கு வெளியே இருந்தால், மிச்சப் பாடவேளை முழுக்க மனம் மேஜிக்கிலேயே நிற்கும். நீங்கள் நடத்துகிற பாடம் அவர்களுக்கு இடைஞ்சலாகப் போய்விடும்.

தந்திரக் கேள்வியும் வேண்டாம். தரையில் பதிக்கிற பூவேலைச் சிமெண்ட் கல்லான ஆத்தங்குடிக் கல்லைக் காட்டி, “இந்தக் கல் சூளையில் எத்தனை மணி நேரம் வெந்திருக்கும்?” என்று கேட்டுவிட்டு, “சூளையே கிடையாது!” என்று சிரித்தால், அடுத்த வாரம் நீங்கள் கேட்கிற எதையும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். “கெட்டியானது எதனால்: சூளையாலா, வெயிலாலா, தண்ணீராலா?” என்று நேர்மையாகக் கேளுங்கள். மூன்றுக்கும் வாய்ப்பு இருக்கிற மாதிரி கேள்வி இருந்தால், தோற்றவனும் கோபப்பட மாட்டான்.

ஒரு பொருள், ஒரே பொருள்

கேள்விக்கு ஒரு பொருள் துணையிருந்தால் நல்லது. ஆனால் ஒன்றுக்கு மேல் கொண்டு போகாதீர்கள். மேசை நிறையப் பொருள் பரப்பினால் வகுப்பு பொருட்காட்சி ஆகிவிடும். கடைசி பெஞ்சிலிருந்து தெரிகிறதா என்று முதல் நாளே வைத்துப் பாருங்கள். சிறிய பொருள் என்றால் வரிசைக்கு ஒன்றாகக் கொடுக்கப் போதுமான எண்ணிக்கை வேண்டும். ஐந்து வரிசைக்கு ஐந்து. ஒன்றே ஒன்றைக் கைமாற்றி அனுப்பினால் கடைசிப் பிள்ளை கைக்குப் போவதற்குள் பத்து நிமிடம் ஓடியிருக்கும். முதல் பிள்ளை வேறு வேலைக்குப் போயிருப்பான்.

பொருளை மூடியே கொண்டு போங்கள். செட்டிநாட்டுப் பக்கத்தில் அதற்குப் பனையோலைக் கொட்டானைவிட (ஓலையில் முடைந்த சிறு கூடை) பொருத்தமானது இல்லை. மூடியிருக்கிற கொட்டான் மேசையில் இருந்தாலே பாதிப் பேர் கழுத்தை நீட்டுவார்கள். அந்தக் கழுத்து நீட்டலை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள். உள்ளே என்ன என்ற ஆர்வம் திறந்ததும் செத்துவிடும். திறந்த பிறகும் நீடிக்க வேண்டிய ஆர்வத்தைக் கேள்விதான் தரும்.

செய்து காட்டுகிற எதையும் வீட்டில் ஒரு முறை செய்து பாருங்கள். சாக்பீஸில் வினிகர் விட்டால் நுரைக்கும் என்று புத்தக அறிவில் நம்பிப் போகிறவர்கள் அவமானப்படுவது உண்டு. சுண்ணாம்புக் கார்பனேட்டால் செய்த சாக்பீஸ் நுரைக்கும். ஜிப்சத்தால் செய்தது கல் மாதிரி கிடக்கும். இரண்டும் கடையில் ஒரே மாதிரி இருக்கும். முட்டை ஓடு என்றால் ஏமாற்றாது.

வகுப்பறைக்குள்: நிமிடக் கணக்கு

நாற்பது நிமிடப் பாடவேளையில் தொடக்கத்துக்கு ஆறு நிமிடம் ஒதுக்கலாம். எட்டைத் தாண்டக் கூடாது. வருகைப் பதிவையும் வீட்டுப்பாடம் பார்ப்பதையும் இந்த ஆறு நிமிடத்துக்குப் பின்னால் தள்ளுங்கள். “வணக்கம் ஐயா, வணக்கம் டீச்சர்” முடிந்து உட்காருகிற அந்த நொடியில்தான் வகுப்பின் கவனம் அதிகம். அதைப் பெயர் கூப்பிடுவதில் செலவழிப்பது நல்ல நெய்யைத் தரையில் ஊற்றுகிற மாதிரி.

முதல் அரை நிமிடம்: பொருளை மேசையில் வையுங்கள். பேசாதீர்கள். கரும்பலகையில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். விடை வாய்ப்புகள் இருந்தால் அ, ஆ, இ என்று கீழே.

அடுத்த அரை நிமிடம்: கேள்வியை ஒரு முறை வாசியுங்கள். ஒரு முறைதான். அமைதியைத் தாங்க முடியாமல் மறுபடி மறுபடி வேறு வார்த்தையில் கேட்பது புதியவர்களின் வழக்கம். ஒவ்வொரு முறை மாற்றிக் கேட்கும்போதும் கேள்வியே கொஞ்சம் மாறிவிடும், யோசிக்கத் தொடங்கிய பிள்ளை நூலை விட்டுவிடும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்குக் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு நொடிதான் என்று தெரிந்தது. மூன்று நொடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுகிறவர்கள் கூடினார்கள். மூன்று நொடி என்பது சொல்லும்போது சின்னது. நின்று பாருங்கள், பெரிதாக இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நிமிடம்: எல்லோரும் ரஃப் நோட்டில் தன் ஊகத்தை எழுத வேண்டும். ஒரு எழுத்து போதும், கூடவே “ஏனென்றால்” என்று ஒரு வரி. இந்த ஒரு நிமிடத்தில் யாரும் பேசக் கூடாது, நீங்களும்தான். நடந்து போய்ப் பாருங்கள். வெறும் நோட்டை வைத்திருக்கிறவனிடம் குனிந்து, “தப்பா இருந்தா ஒண்ணும் இல்லடா, எது தோணுதோ அதை எழுது” என்று மெதுவாகச் சொல்லுங்கள். எழுத வைக்காமல் கையைத் தூக்கச் சொன்னால் என்ன ஆகும்? முதல் பெஞ்சில் தூக்குகிற கையைப் பார்த்துப் பின்னால் எல்லாக் கையும் ஏறும். அது ஊகமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மூன்றாவது நிமிடம்: எழுதியதற்குக் கை தூக்கச் சொல்லி எண்ணி, பலகையின் வலது மூலையில் கோடு போடுங்கள். அ 17, ஆ 14, இ 9 என்கிற மாதிரி. அந்த மூலையைப் பாடவேளை முடியும்வரை அழிக்காதீர்கள்.

நான்காவது நிமிடம்: பக்கத்தில் வேறு விடை எழுதினவனைக் கண்டுபிடித்து, அவன் ஏன் அப்படி எழுதினான் என்று கேட்கச் சொல்லுங்கள். இரைச்சல் வரும். வரட்டும். அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தாலும் பதறாதீர்கள், ஒரு நிமிடம்தான். நிறுத்துவதற்கு ஒரு சைகையை வருடத் தொடக்கத்திலேயே பழக்கி வையுங்கள். கையைத் தூக்கி நிற்பது, மேசையில் இரண்டு தட்டு, எதுவானாலும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். கத்தி அடக்குவதாக இருந்தால் இந்தப் படியையே விட்டுவிடுங்கள். கத்தல் முடிந்த வகுப்பில் ஆர்வம் மிஞ்சாது.

ஐந்தாவது நிமிடம்: ஒவ்வொரு கட்சியிலிருந்தும் ஒருவரை எழுப்பிக் காரணம் கேளுங்கள். இங்கேதான் ஆசிரியரின் முகம் காட்டிக்கொடுக்கும். சரியான விடைக்கு முகம் மலர்ந்து “ம்ம், அப்புறம்?” என்பதும், தவறான விடைக்கு “அப்படியா?” என்று இழுப்பதும் போதும், பிள்ளைகள் உங்கள் முகத்தைப் படித்து முடித்துவிடுவார்கள். எல்லாக் காரணத்துக்கும் ஒரே மாதிரி, “சரி, அது ஒரு காரணம்” என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆறாவது நிமிடம்: செய்து காட்டவேண்டியதைச் செய்யுங்கள், அல்லது புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். “விடை 42-ஆம் பக்கத்திலிருந்து 44-ஆம் பக்கத்துக்குள் எங்கேயோ இருக்கிறது” என்று சொன்னால் கண் தானாகத் தேடும்.

“சார், விடையைச் சொல்லுங்க சார்” என்று யாராவது கெஞ்சினால் உங்கள் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம். மனமிரங்கிச் சொல்லிவிடாதீர்கள். பாடத்தில் விடை வருகிற இடம் ஏறக்குறைய இருபதாவது, இருபத்தைந்தாவது நிமிடமாக இருக்கும்படி திட்டமிடுங்கள். அந்த இடம் வந்ததும் மூலையில் இருக்கிற எண்ணிக்கைக்குத் திரும்பி, எழுதிய காரணங்களில் எது எங்கே பிசகியது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். இந்தத் திரும்பிவருதலை மறப்பவர்கள் நிறைய. ஊகத்தை வாங்கிக்கொண்டு கணக்கு முடிக்காமல் விட்டால், மூன்றாவது முறை யாரும் அக்கறையோடு எழுத மாட்டார்கள்.

இந்த ஊர்ப் பொருள்களில் சில தொடக்கங்கள்

அஞ்சறைப்பெட்டி. தாவரத்தின் பாகங்கள், பூ, கனி பாடங்களுக்கு இதைவிட மலிவானது கிடைக்காது. அன்னாசிப்பூ, கிராம்பு, பட்டை, ஏலக்காய், கல்பாசி ஐந்தையும் வரிசைக்கு ஒரு காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். (ஒரே பொருள் என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு இல்லை, பொட்டலம்தான் பொருள்.) கேள்வி: “இதில் பூ எது?” வகுப்பில் பெரும்பாலோர் அன்னாசிப்பூ என்று எழுதுவார்கள், பெயரே அப்படி. அது பூ இல்லை, காய்ந்த கனி; ஒவ்வொரு இதழ் போன்ற கையும் ஒரு விதையறை, பிளந்தால் பளபளவென்று விதை உட்கார்ந்திருக்கும். ஐந்தில் பூ கிராம்புதான், அதுவும் விரியாத மொட்டு. இதைக் காட்ட நாலைந்து கிராம்பை முந்தின இரவு வெந்நீரில் ஊறப்போடுங்கள். காலையில் மேலே இருக்கிற உருண்டை மூடியை ஊசியால் நீக்கினால், அந்த மூடி இதழ்கள் என்றும் அதற்குக் கீழே மகரந்தத் தாள்கள் மடங்கிக் கிடக்கின்றன என்றும் தெரியும். ஊறாத கிராம்பை உடைத்தால் தூள்தான் வரும். கல்பாசியை அன்றைக்குத் தொடாமல் விட்டுவிடுங்கள். “இது எதிலும் சேரவில்லையே, அப்போ இது என்ன?” என்று ஒருவராவது கேட்பார். அது பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்துகிற லைக்கன். அதற்கான பாடம் வரும்போது அந்தக் கேள்வியையே முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

கவுனி அரிசி. அமிலம், காரம் பாடத்துக்கு லிட்மஸ் தாளை எடுத்தால், நிறம் மாறும் என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த கதை. கவுனி அரிசி என்கிற கறுப்பரிசி விருந்துகளில் பார்த்த பொருள். அது நிறம் மாறும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். இரண்டு மேசைக்கரண்டி அரிசியை அரை டம்ளர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். வருகிற கருஞ்சிவப்புத் தண்ணீரை அப்படியே கொண்டு போனால் எல்லா நிறமும் கறுப்பாகத்தான் தெரியும். பின்னால் வைத்த விரல் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு நீர் சேர்த்துத் தெளிவாக்குங்கள். மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பின்னால் வெள்ளைத்தாள் நிறுத்துங்கள். எவர்சில்வர் டம்ளரில் ஒன்றும் தெரியாது.

கேள்வி: “இதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நிறம் என்ன ஆகும்? அ. வெளுக்கும், ஆ. கறுக்கும், இ. மாறாது, ஈ. வேறு நிறம் வரும்.” ஊகம் எழுதிய பிறகு பத்துச் சொட்டு. இளஞ்சிவப்புப் பளிச்சென்று வரும். அங்கே நிறுத்தாமல் இரண்டாவது டம்ளரைக் கையில் எடுத்து, “இதில் ஆப்பசோடா போட்டால்?” என்று இரண்டாவது ஊகம் வாங்குங்கள். இப்போதுதான் வகுப்பு உண்மையில் யோசிக்கும். முதல் ஊகத்தைவிட இது விலை மதிப்பானது. ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினால் நீலமும் பச்சையும் கலந்த மங்கல் நிறத்துக்குப் போகும். அரிசியின் மேல்தோலில் இருக்கிற ஆந்தோசயனின் என்ற நிறமிதான் இதற்குக் காரணம். காலையில் வடித்த நீரை அன்றைக்கே பயன்படுத்துங்கள், மறுநாளைக்குப் புளித்துவிடும். காரத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பை எடுக்கிற ஆசை வரும். பிள்ளைகள் கைக்குப் போகிற இடத்தில் அதை வைக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

ஆத்தங்குடிக் கல். அறிவியலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. அறிவியலில் மேலே சொன்ன ‘சூளை, வெயில், தண்ணீர்’ கேள்வி. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அச்சுக்குள் நிறக் கலவை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, பிறகு கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். “கெட்டியாக வேண்டியதை ஏன் தண்ணியில போடறாங்க?” என்ற இரண்டாவது கேள்விதான் பாடத்துக்குள் இழுக்கும். உங்கள் வகுப்பிலேயே இந்த வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளை இருக்கலாம். அவனுக்கு விடை தெரியும். அவனை ஊகத்திலிருந்து விலக்கி, நடுவர் ஆக்குங்கள். கடைசியில் தொட்டியில் எத்தனை நாள் கிடக்கும், எடுக்கும்போது கண்ணாடி எப்படிப் பிரியும் என்று அவனே சொல்லட்டும்.

கணக்கில்: 20 அடி நீளம், 10 அடி அகலப் பட்டாலைக்கு (வீட்டுக் கூடம்) 10 அங்குலச் சதுரக் கல் 288 பிடிக்கும். “அதே பட்டாலைக்கு 8 அங்குலக் கல் எத்தனை பிடிக்கும்? கணக்குப் போடாமல் சொல்லு.” பத்துக்கும் எட்டுக்கும் கொஞ்சம்தானே வித்தியாசம் என்று 350 பக்கத்திலேயே ஊகங்கள் கூட்டமாக நிற்கும். விடை 450, ஒன்றரை மடங்குக்கும் மேல். நீளத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான், பிறகு எங்கிருந்து 162 கல் கூடியது என்று வகுப்பு கேட்கும்போது பரப்பளவுப் பாடத்தைத் தொடங்கலாம். “கணக்குப் போடாமல்” என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நன்றாகப் படிக்கிற மூன்று பேர் அரை நிமிடத்தில் போட்டு முடித்து, வகுப்புக்கே விடையைச் சொல்லிவிடுவார்கள்.

வட்டி. தனிவட்டிப் பாடத்தில் புத்தகம் ஆண்டு வட்டி வீதம் பேசும். கடைத்தெரு “மூணு வட்டி” என்று பேசும். “ஒருவர் 10,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்குகிறார். ஒரு வருஷத்துக்கு வட்டி மட்டும் எவ்வளவு? 300, 360, 3,000, 3,600?” புத்தகம் படித்தவன் 300 என்பான், அது ஆண்டுக்கு மூன்று சதவீதம். கடைத்தெரு மூணு வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 300, வருஷத்துக்கு 3,600, அதாவது 36 சதவீதம். இந்தக் கேள்வியில் “உங்க வீட்டில் யாராவது வட்டிக்கு வாங்கியிருக்காங்களா?” என்பதை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

அதே எச்சரிக்கை எல்லாத் தொடக்கத்துக்கும் உண்டு. செட்டிநாடு என்றதும் வளவும் முகப்பும் பர்மாத் தேக்குத் தூணும் நினைவுக்கு வரும். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெரும்பாலான பிள்ளைகள் அந்த வீடுகளில் வாழ்கிறவர்கள் இல்லை. அந்த வீட்டில் சமைக்கிறவர், கொத்து வேலை செய்கிறவர், பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். “யார் வீட்டில் இந்தக் கல் பதிச்சிருக்கு?” என்று கேட்டால் நாலு கை ஏறும், முப்பத்தாறு பேர் தலை குனியும். ஊருணி, கண்மாய், சந்தை, பேருந்து நிலையம், கோயில் தேர் என்று எல்லோரும் பார்த்ததிலிருந்து எடுங்கள்.

தமிழ்ப் பாடத்துக்கு விடுகதையே போதுமான தொடக்கம். “அடி காட்டிலே, நடு மாட்டிலே, நுனி வீட்டிலே” என்பதற்கு நெல் என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் இப்போது அதிகம். ஒப்புரவறிதலில் ஊருணி வருகிற குறளை நடத்துமுன், “ஊருணிக்கும் கண்மாய்க்கும் என்ன வித்தியாசம்?” என்று கேளுங்கள். ஒன்று குடிநீருக்கு, மற்றது பாசனத்துக்கு என்பது தெரியாமல் அந்தக் குறளை மனப்பாடம் செய்தவர்கள் பெரியவர்களிலும் உண்டு.

கெட்டுப்போகிற இடங்கள்

டியூஷன். இது இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் நிச்சயம் எதிர்ப்படும். பாடத்தை முந்தின வாரமே டியூஷனில் முடித்தவன், கேள்வியைப் பார்த்ததும் விடையைக் கூவுவான். திட்டாதீர்கள். முன்கூட்டியே, “விடை தெரிந்தவர்கள் எழுதி நோட்டை மூடி வையுங்கள், எனக்கு வேண்டியது காரணம்” என்று சொல்லிவிடுங்கள். அதையும் மீறுகிறவனிடம் கோடு போட்டு எண்ணுகிற வேலையைக் கொடுங்கள். விடை மனப்பாடமாக இருக்கும், காரணம் பெரும்பாலும் இருக்காது. எழுப்பிக் கேட்டால் அவனே இடைவெளியைப் பார்த்துவிடுவான்.

ஸ்மார்ட் போர்டில் காணொளி. கரண்ட் இருக்கும், இணையம் இருக்காது. இரண்டும் இருந்தால் ஒலி வராது. எல்லாம் சரியாக ஓடினாலும், காணொளி கேள்வியையும் விடையையும் அதுவே சொல்லிவிடுகிறது. பயன்படுத்துவதாக இருந்தால் விடை வருவதற்கு முந்தின நொடியில் நிறுத்துங்கள், அங்கே ஊகம் வாங்குங்கள்.

கோரஸ். “ஆமா சார்”, “இல்ல சார்” என்று விடை வருகிற கேள்வி எதுவும் தொடக்கத்துக்கு ஆகாது. “புரிஞ்சுதா?” என்பது இவற்றுக்கெல்லாம் தலைவன்.

கேலி. தவறான ஊகத்துக்கு வகுப்பு சிரித்தால், அன்றைக்கே அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். ஒரு முறை சிரிக்க விட்டால் அடுத்த நாள் பாதிப் பேர் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். நீங்களே ஓர் ஊகம் எழுதி, அது தவறாகப் போவதை வகுப்பு பார்க்கும்படி விடுவது நல்ல மருந்து. நடிக்க வேண்டியதில்லை, கல்லின் எண்ணிக்கையை யோசிக்காமல் சொல்லிப் பாருங்கள், தானாகத் தவறும்.

தினமும் செய்வது. வாரத்துக்கு இரண்டு, மூன்று போதும். ஒவ்வொரு பாடவேளையும் கொட்டானோடு வந்தால், கொட்டான் இல்லாத நாளில் பிள்ளைகள் உங்களைக் கோபமாகப் பார்ப்பார்கள். பயிற்சிக் கணக்கு போடுகிற நாளுக்குத் தொடக்கம் எதுவும் தேவையில்லை, நேரே கணக்குக்குப் போங்கள்.

ஆங்கில வழி வகுப்பு. கேள்வியைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வாயால் தமிழில் கேளுங்கள், ஊகத்தை எந்த மொழியிலும் எழுத விடுங்கள். காரணத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால் பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை விட்டுவிட்டு, எழுத வருகிற வாக்கியத்தை எழுதுவார்கள்.

எழுதத் தெரியாத சின்ன வகுப்புகளுக்கு

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் ரஃப் நோட்டு வேலைக்கு ஆகாது. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுங்கள். கேள்வி, ‘இந்தப் பொருள் தண்ணீரில் மிதக்குமா, மூழ்குமா?’ என்று வைத்துக்கொள்வோம். மேசையில் இரண்டு தேங்காய்ச் சிரட்டை. ஒன்றின் முன்னால் ‘மிதக்கும்’ என்பதற்கு ஒரு படம், மற்றதன் முன்னால் ‘மூழ்கும்’ என்பதற்கு ஒரு படம். ஒவ்வொருவராக வந்து தன் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகட்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து எண்ணினால் எண்ணும் பாடமும் அதிலேயே நடந்துவிடும். சிரட்டைக்குள் எத்தனை கிடக்கிறது என்பது வெளியே தெரியாதபடி ஆழமான சிரட்டையாகப் பாருங்கள்; தெரிந்தால் கடைசியில் வருகிற எல்லாரும் நிறைந்த சிரட்டையிலேயே போடுவார்கள். கொட்டையை வாயில் போடுகிற பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள்.

ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு உட்கார்ந்திருந்தால் கேள்வி ஒன்று, காரணம் எழுதும் அளவு வேறு. சின்னவர்கள் கொட்டை போடுவார்கள், பெரியவர்கள் வரி எழுதுவார்கள்.

ஒரு நோட்டு

பாடக்குறிப்பு நோட்டு தலைமையாசிரியர் கையெழுத்துக்குப் போகிறது. தொடக்கக் கேள்விகளுக்கென்று தனியாக ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வகுப்பு, கேள்வி, எண்ணிக்கை (அ எத்தனை, ஆ எத்தனை), எத்தனை நிமிடம் பிடித்தது, பிள்ளைகள் எழுதிய காரணங்களில் விசித்திரமான ஒன்று. இவ்வளவு போதும், பாடவேளை முடிந்து அடுத்த வகுப்புக்கு நடக்கும்போதே எழுதிவிடலாம். நாற்பதில் முப்பத்தைந்து பேர் ஒரே விடை எழுதிய கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதை அடுத்த ஆண்டு மாற்ற வேண்டும். ஏறக்குறையச் சமமாகப் பிரிந்த கேள்விக்கு வட்டம். எட்டு நிமிடத்தைத் தாண்டியதற்குப் பக்கத்தில் காரணத்தையும் குறித்துவையுங்கள்: பொருளைக் கைமாற்றியதாலா, கேள்வி குழப்பமாக இருந்ததாலா, அல்லது பக்கத்து வகுப்பு ஆசிரியரும் வாசலில் நின்று கவுனித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததாலா என்று.